முன்னவன் அடித்த கிரீஸ்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகும் சாலையில் விடியற்காலையில் பிரயாணம் செய்கிறவர்கள், புளியமரத்தடியிலும் டீக்கடை ஓரத்திலும், முன்பக்கெட்டைத் தரையில் ஊன்றிப் பின்கையை மடக்கி முதுகோடு சேர்த்துக்கொண்டு, பனியில் நனைந்த ஒரு பெரிய வெட்டுக்கிளி உட்கார்ந்திருப்பதைப் போல நிற்கும் மஞ்சள் யந்திரங்களை நிச்சயம் பார்த்திருப்பார்கள். முன்னால் மண்ணை வாரி அள்ளவும் பின்னால் குழி தோண்டவும் வல்ல இந்த யந்திரத்தை நம் ஜனங்கள் ‘ஜேசிபி’ என்கிறார்கள். பத்திரிகைகள் பெரும்பாலும் ‘பொக்லைன்’ என்று எழுதுகின்றன. சங்கிலிப் பட்டையின்மேல் ஊர்ந்து செல்லும் அதன் தமையனுக்கோ ‘ஹிட்டாச்சி’ என்று பெயர். மூன்றுமே கம்பெனிகளின் பெயர்கள். முதலாவது இங்கிலாந்தைச் சேர்ந்தது, இரண்டாவது பிரான்ஸைச் சேர்ந்தது, மூன்றாவது ஜப்பானைச் சேர்ந்தது. ஆங்கிலேயன் செய்த யந்திரத்தைப் பிரெஞ்சுக்காரன் பெயரால் அழைத்துத் தமிழன் வேலை வாங்குகிறான் என்பதில் எனக்கு எப்போதும் ஒரு சிறிய சந்தோஷம் உண்டு.

ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு என்பவர், இரண்டாம் உலக யுத்தம் முடிந்த 1945-ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் ஸ்டாஃபர்டுஷயரில் உள்ள உட்டாக்ஸிட்டர் என்னும் சிற்றூரில் ஒரு சிறிய கொட்டகையை வாடகைக்குப் பிடித்து, யுத்தத்தில் மிஞ்சிய இரும்புகளைக்கொண்டு, பாரத்தைத் தானே சாய்த்துக் கொட்டும் டிரெயிலர் ஒன்றைச் செய்து 45 பவுனுக்கு விற்றார். அவருடைய பெயரின் முதலெழுத்துகள்தாம் ஜே.சி.பி. முன்வாரியையும் பின்தோண்டியையும் ஒரே டிராக்டரில் இணைத்த யந்திரத்தை அவர் 1953-இல் வெளியிட்டார். இந்தியாவுக்கு அது 1979-இல் வந்தது. எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து ஹரியானாவின் பல்லப்கட்டில் தொழிற்சாலை அமைந்தது. 2003-இல் ஜேசிபி முழு உரிமையையும் தானே வாங்கிக்கொண்டது. மத்தியப் பிரதேசத்தின் பீதம்பூரிலிருந்து கேஸ், நம் கோயம்புத்தூரிலிருந்தே புல், இன்னும் மஹிந்திரா, டாடா ஹிட்டாச்சி என்று பலரும் இதே ரக யந்திரத்தைச் செய்து விற்றார்கள். ஆனால் ஜனங்களின் வாயில் எல்லாம் ஜேசிபியாகவே நிலைத்துவிட்டன.

2019 நவம்பர் 26-ஆம் தேதி விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி ஜில்லாவான கள்ளக்குறிச்சிப் பகுதியில் இந்த யந்திரத்துக்கு ஓய்வு இல்லாததற்குக் காரணம், இங்கே மண்ணோடு செய்யவேண்டிய காரியங்கள் அத்தனை வகைப்பட்டவை என்பதே. கரும்பு வயலைச் சமன் செய்ய வேண்டும். மழைக்காலத்துக்கு முன் வாய்க்கால் தூர் வார வேண்டும். மரவள்ளிக் கொல்லையின் மூலையில் பண்ணைக்குட்டை வெட்ட வேண்டும். கிணற்றைச் சுற்றிச் சரிந்த மண்ணை அள்ள வேண்டும். புது வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்ட வேண்டும். குடிநீர்க் குழாய் பதிக்க வேண்டும். மேலே செம்மண்ணாகத் தொடங்கி, கீழே போகப்போகச் சுக்கானாகவும் மக்கிய பாறையாகவும் மாறும் இந்த நிலத்தில், பத்து ஆட்கள் ஒரு வாரம் கடப்பாறை போட்டுச் செய்த வேலையை ஒரு யந்திரம் அரை நாளில் முடித்துவிடுகிறது. அந்தப் பத்து ஆட்களின் வயிறு என்ன ஆயிற்று என்னும் கேள்வி நியாயமானதே; 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம், ஆட்களின் வேலையைப் பறிக்கும் யந்திரங்களை இயன்றவரை விலக்கவேண்டும் என்று விதித்ததும் அந்தக் கேள்வியை மனத்தில் கொண்டுதான். அது தனியாக எழுதவேண்டிய விஷயம்.

புது யந்திரத்தின் விலை இன்று முப்பது லட்ச ரூபாயைத் தாண்டி நிற்கிறது. ஆகவே, பத்து வருஷம் பிறருடைய வண்டியில் ஆபரேட்டராக உழைத்து, ‘நமக்கென்று ஒன்று இருந்தால்’ என்று நினைக்கத் தொடங்கும் இளைஞனும், கரும்புப் பணம் கைக்கு வந்ததும் வட்டிக்கு விடுவதைவிட ஒரு வண்டி வாங்கி ஓட்டினால் என்ன என்று யோசிக்கும் குடியானவரும் நாடிப் போவது பழைய யந்திரத்தையே. எட்டு வருஷம், பத்து வருஷம், சில சமயம் பதினைந்து வருஷம் உழைத்த வண்டிகள், புதிதாக மஞ்சள் பூசி, பக்கெட்டுக்குக் கறுப்பு அடித்து, டயருக்குப் பாலிஷ் போட்டு, கல்யாணப் பெண்ணைப் போல அலங்கரித்துச் சேலத்திலும் நாமக்கல்லிலும் புரோக்கர்களின் காலி மனைகளில் நிறுத்தப்பட்டிருக்கின்றன. வாங்கப் போகிறவர்கள் பணத்தைக் கட்டிக்கொண்டு போகிறார்களே ஒழிய, எதைப் பார்ப்பது என்று அறிந்து போகிறவர்கள் குறைவு.

என் உறவினர் ஒருவர் அப்படித்தான் போனார். மாலை வேளை, வண்டி ஓடிக்கொண்டிருந்தது, சத்தம் இனிமையாக இருந்தது, பெயிண்ட் பளபளத்தது. அன்றே அட்வான்ஸ் கொடுத்தார். மூன்றாம் மாதம் பின்கை இடமும் வலமும் திரும்பும் கிங் போஸ்ட்டின் அருகில் பெயிண்டுக்கு அடியிலிருந்து ஒரு விரிசல் புறப்பட்டது. தேய்த்துப் பார்த்தால் அது ஏற்கனவே இரண்டு முறை வெல்டிங் கண்ட இடம். அதைச் சரிசெய்யவும் பின்களை மாற்றவும் ஆன செலவு, வாங்கிய விலையில் ஐந்தில் ஒரு பங்கு. அந்த வேலையைச் செய்த மெக்கானிக், வயதில் சிறியவர், எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது: “பெயிண்ட பாக்காதீங்கண்ணே, பின்ன ஆட்டிப் பாருங்க.”

அந்த ஒரு வாக்கியத்துக்குள் இந்த வியாபாரத்தின் சாஸ்திரம் முழுவதும் அடங்கியிருக்கிறது என்பது என் அபிப்பிராயம். பூம், அதன் நுனியில் உள்ள கை, பக்கெட், முன்வாரியின் புஜங்கள் ஆகிய எல்லாமே ஒன்றோடொன்று உருக்குப் பின்களால் கோக்கப்பட்டவை. பின்னுக்கும் அது நுழையும் துவாரத்துக்கும் நடுவே புஷ் என்னும் வளையம் உண்டு. அந்த இடுக்கில் தினமும், சுமாராகப் பத்து மணி நேர வேலைக்கு ஒருமுறை, கிரீஸ் அடிக்க வேண்டும். ஐந்தாறு நிமிஷ வேலைதான். ஆனால் வெயிலில் ஓடிக் களைத்தவனுக்கும், விடிந்ததும் அடுத்த ஊருக்கு ஓடவேண்டியவனுக்கும் எளிதில் தள்ளிப்போடக்கூடிய வேலை. தள்ளிப்போட்டால் மண்ணும் மணலும் அந்த இடுக்கில் புகுந்து, முதலில் புஷ்ஷைத் தின்னும். பிறகு பின்னைத் தின்னும். அதற்கும் பிறகு துவாரத்தையே கோழிமுட்டை வடிவமாக்கிவிடும். புஷ் மாற்றுவது சில ஆயிரங்களோடு போகும். துவாரம் கெட்டால் வெல்டிங்கால் நிரப்பி மறுபடியும் போரிங் போடவேண்டும். ஆகவே பழைய பொக்லைன் வாங்குகிறவன் உண்மையில் விலை கொடுத்து வாங்குவது, முகம் தெரியாத ஒரு முன்னவன் கிரீஸ் அடித்த நாட்களையும் அடிக்காத நாட்களையும்தான். ஹவர் மீட்டரைத் திருத்திவிடலாம், கழற்றிவிடலாம், புதிதாகப் பொருத்திவிடலாம்; பின் பொய் சொல்லாது.

பரீட்சை செய்யும் முறை சுலபம். வண்டியை ஜாக்கின்மேல் நிறுத்தி, பின்கையை முழுவதும் நீட்டி, பக்கெட்டைத் தரையில் லேசாக அழுத்தி எடுக்கச் சொல்லிவிட்டு, ஒருவர் தள்ளி நின்று ஒவ்வொரு மூட்டையும் கவனிக்க வேண்டும். இரும்பு இரும்புக்குள் ‘டக்’ என்று துள்ளுவது கண்ணுக்கும் காதுக்கும் தெரியும். பிறகு கையை இடமும் வலமும் திருப்பிச் சட்டென்று நிறுத்தச் சொல்ல வேண்டும்; நின்ற பிறகும் அது நாயின் வாலைப் போல ஆடினால் கிங் போஸ்ட்டில் தேய்மானம் இருக்கிறது என்று அர்த்தம். பின்கைச் சட்டம் முழுவதும் பக்கவாட்டில் நகரும் மாதிரிகளில், அது நகரும் இடத்துத் தேய்மானத் தகடுகளையும் பார்க்க வேண்டும். இவற்றோடு, பூமின் ஓரமாக வழக்கத்துக்கு அதிகமான ஒரு ஜோடிக் குழாய் ஓடுகிறதா, அல்லது ஓடியிருந்த கிளாம்புகளை வெட்டியெடுத்த தழும்பு இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அந்த வண்டி பாறை உடைக்கும் பிரேக்கர் மாட்டி வேலை செய்தது என்பதற்கு அதுவே சாட்சி. நிமிஷத்துக்கு நூற்றுக்கணக்கான முறை அதிர்ந்த மூட்டுகளும் பம்பும் அவை. விற்பவர் வாயால் இதைச் சொல்லமாட்டார். செங்கல் சூளையில் உழைத்த வண்டிக்கு முன்வாரி தேய்ந்து பின்கை புதிதாக இருக்கும். கல்குவாரியில் உழைத்த வண்டிக்குத் தூசியால் என்ஜின் முந்திப்போகும். எங்கே வேலை செய்தது என்பது எத்தனை வருஷம் வேலை செய்தது என்பதைவிட முக்கியமான கேள்வி.

இந்த யந்திரத்தின் பலம் முழுவதும் எண்ணெயில் இருக்கிறது. அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் குறையாமல் எல்லாத் திசைகளிலும் பரவும் என்று பதினேழாம் நூற்றாண்டில் பாஸ்கல் என்னும் பிரெஞ்சு அறிஞர் கண்டறிந்த தத்துவம்தான், கள்ளக்குறிச்சி ஆபரேட்டரின் இரண்டு விரல்களுக்குக் குழியிலிருந்து பாறாங்கல்லைப் பெயர்க்கும் வல்லமையைத் தருகிறது. என்ஜின் பம்பைச் சுழற்றுகிறது. பம்பு எண்ணெயை வால்வுகளின் வழியே சிலிண்டர்களுக்குத் தள்ளுகிறது. சதுர அங்குலத்துக்கு ஒரு டன்னுக்கும் மேற்பட்ட அழுத்தம். பம்பு பலம் குன்றியிருந்தால், எண்ணெய் குளிர்ந்திருக்கும் காலையில் அது தெரியாது. ஒரு மணி நேரம் நன்றாகத் தோண்டி எண்ணெய் சூடேறிய பிறகுதான் கை தளரும். ஆகையால் கால் மணி நேரச் சோதனையை நம்பி வாங்கக்கூடாது. முன்வாரியைப் பாரத்தோடு உயர்த்தி என்ஜினை அணைத்துவிட்டு, எட்டி நின்று ஒரு டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள். கண்ணுக்குத் தெரியும்படி இறங்கியிருந்தால் சீலோ வால்வோ விட்டுவிட்டது. சிலிண்டர் கம்பியின் குரோம் பூச்சில் கீறலும் துருவும் இருந்தால், சீல் மாற்றினாலும் சில வாரங்களில் மறுபடி ஒழுகும்.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்லாமல் நகர எனக்கு மனம் வரவில்லை. ஹோஸ் பைப்பில் ஊசித் துவாரமாக ஒழுக்கு இருக்கிறது என்று சந்தேகித்து, வெறுங்கையைத் தடவிப் பார்க்கிறவர்கள் நம் ஊரில் அநேகர். அந்த அழுத்தத்தில் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே புகுந்துவிடும்; மேலே ஒரு சிறு புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் அதிகம் இராது; உடனே ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரிடும். ஒழுக்கை அட்டைத் துண்டால் சோதியுங்கள்.

என்ஜினைப் பற்றி நம்மவர்களுக்கு லாரியிலும் டிராக்டரிலும் போதிய ஞானம் உண்டாகையால் சுருக்கமாகவே சொல்கிறேன். ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறக்கையில் புகை குபுகுபுவென்று வந்தால் ‘பேக் கம்ப்ரஷன்’ என்னும் தேய்மானம். நீலப்புகை ஆயில் எரிவது. கியர் பாக்ஸ் எண்ணெய் கருகி நாறினாலும், பால் கலந்த தேநீரைப் போல நிறம் மாறியிருந்தாலும் விலை பேசுவதையே நிறுத்திவிடலாம். முன்னும் பின்னுமாக மாறிமாறி ஓட்டி, கியர் விழுந்த பிறகு வண்டி தயங்கி நகர்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பழைய வண்டிகளில், கிர்லோஸ்கர் என்ஜின் பொருத்தியவை உட்பட, டீசல் பம்பு முற்றிலும் யந்திர அமைப்பு. உள்ளூர் பம்பு மெக்கானிக்கே பிரித்துச் சேர்ப்பார். 2021 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த புகை விதிகளுக்கு ஏற்பச் செய்த புது வண்டிகளிலோ மின்னணுக் கட்டுப்பாடு புகுந்துவிட்டது. கோளாறு வந்தால் லேப்டாப்போடு கம்பெனி ஆள் வரவேண்டும். மலைமேல் வேலை செய்கிறவர்கள் இன்னும் பழைய வண்டியைத் தேடுவதற்கு விலை மட்டும் காரணம் அன்று.

காகிதங்கள் விஷயத்தில் நம்மவர்களுடைய அலட்சியம் அளவு கடந்தது. மோட்டார் வாகன விதிகள் இந்த வண்டியைக் ‘கட்டுமான உபகரண வாகனம்’ என்று வகுத்து, சாலையில் ஓடுவது அதன் பிரதான வேலைக்கு இடையே தற்செயலாக நேர்வது என்றும் ஒப்புக்கொள்கின்றன; அதற்காகப் பதிவும் இன்ஷூரன்ஸும் வேண்டாம் என்று ஆகிவிடாது. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேஸிஸ் எண்ணை வண்டியில் பொறித்த எண்ணோடு உங்கள் கண்ணாலேயே ஒப்பிடுங்கள். பெயர் மாற்றத்துக்கு 29, 30-ஆம் எண் படிவங்கள். ஃபைனான்ஸ் பாக்கி இருந்தால் அதைத் தீர்த்து 35-ஆம் எண் படிவமும் என்.ஓ.சி.யும், வேறு ராஜ்யத்து வண்டியானால் 28-ஆம் எண் படிவம். வாங்கிய 14 நாட்களுக்குள் இன்ஷூரன்ஸையும் தன் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். ‘அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்’ என்று முன்னவர் பெயரிலேயே ஓட்டி, விபத்து நேர்ந்த அன்று இரண்டு குடும்பங்களும் கோர்ட்டில் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

கல்வராயன் மலைக்கு வேலைக்குப் போகிறவனுக்குக் காகிதம் இன்னும் கனமான பொருள். வெள்ளிமலையைத் தலைமையிடமாகக்கொண்ட அந்தத் தாலுகாவில், கரியாலூர், இன்னாடு, சேராப்பட்டு முதலிய ஊர்களில், மலையாளிகள் என்னும் பழங்குடி மக்கள் — கேரளத்தாரோடு இவர்களைக் குழப்பிக்கொள்ளக்கூடாது — சாமையும் தினையும் மரவள்ளியும் பயிரிட்டு வாழ்கிறார்கள். அவர்களுடைய கொல்லைகளுக்கும் ஊர்களுக்கும் நடுநடுவே காப்புக்காடு கிடக்கிறது. ஊருக்கு ஒரு பாதை வேண்டும் என்று ஜனங்கள் கேட்பது நியாயம். ஆனால் அனுமதி இன்றிக் காப்புக்காட்டில் ஒரு பக்கெட் மண்ணைப் புரட்டினாலும், 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி வண்டியையே பறிமுதல் செய்யலாம். சமவெளியில் ஏரி மண்ணும் ஓடை மணலும் அப்படியே. அனுமதிச் சீட்டு இல்லாமல் அள்ளினால் 1957-ஆம் ஆண்டின் கனிமச் சட்டம் யந்திரத்தின்மேல் பாயும். வேலை கொடுத்தவர் வீட்டில் படுத்துத் தூங்குவார். தாலுகா ஆபீஸ் வாசலில் வெயிலிலும் மழையிலும் வருஷக்கணக்கில் துருப்பிடிப்பது உங்கள் வண்டி. வேலை பேசும்போதே அந்தச் சீட்டின் நகலைக் கேட்டு வாங்கி வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள். கேட்டதால் போய்விடும் வேலை போகட்டும்.

மலைச்சரிவு வேறு ஒரு பாடத்தையும் கற்பிக்கிறது. சுமார் ஏழரை டன் எடையுள்ள இந்த வண்டி, நிரம்பிய பக்கெட்டை உயரத் தூக்கிக்கொண்டு சரிவுக்குக் குறுக்கே போனால் கவிழ்வதற்கு ஒரு கல் போதும். பக்கெட்டைத் தரையோடு தாழ்த்தி, மேலும் கீழுமாகவே நகர வேண்டும். பள்ளத்து விளிம்பில் ஜாக்கை ஊன்றும்முன் மண் தாங்குமா என்று இறங்கிப் பார்க்க வேண்டும். கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் பாதையில் இறங்கி வரும்போது பிரேக்கின் யோக்கியதை தெரியும். ஆகவே மலை வேலையை உத்தேசித்து வாங்குகிறவர்கள், நான்கு சக்கரமும் இழுக்கும் மாதிரி கிடைத்தால் சற்று அதிகம் கொடுத்தாவது அதை வாங்குவது நலம்.

வாங்கியாயிற்று, இனி வைத்துக் காப்பது. மணிக்கு ஐந்து லிட்டர் டீசல் என்று வைத்துக்கொண்டாலும், லிட்டர் 92 ரூபாய் என்றால் 460 ரூபாய் அதிலேயே போய்விடுகிறது. அதன்மேல் ஆபரேட்டரின் சம்பளம், பேட்டா, பக்கெட் பல், ஹோஸ், டயர், ஃபைனான்ஸ் டியூ. மணி வாடகையைப் பார்த்து மயங்குகிறவர்கள், மாதத்தில் எத்தனை மணி நேரம் வேலை கிடைக்கும் என்பதையும், அதில் எத்தனை மணிக்குக் காசு கைக்கு வரும் என்பதையும் கணக்கில் எடுப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் வண்டி வாரக்கணக்கில் நிற்கும், டியூ நிற்காது. தெரிந்தவர், மாமா, மச்சான் என்று கடன் சொன்ன வேலைகள் அறுவடைவரை நிற்கும். முதல் வருஷத்துப் பழுதுகளுக்கென்று விலையில் பத்தில் ஒரு பங்கையாவது கையில் வைத்துக்கொள்ளாதவன், முதல் பம்பு போகும் அன்றே மறுபடியும் புரோக்கரைத் தேடும்படி ஆகிறது.

ஆபரேட்டர் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடவே கூடாது. சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கற்றுக்குட்டியை ஏற்றினால், பக்கெட்டால் சுவரை இடிப்பதும், பல் தாங்காத பாறையைப் பெயர்க்க முயன்று பின்னை வளைப்பதும், நிழலில் போன் பேசிக்கொண்டே என்ஜினை ஓடவிட்டு டீசலை எரிப்பதும் நடக்கும். நல்ல ஆபரேட்டர் காலையில் வண்டியைச் சுற்றி ஒரு பிரதட்சணம் செய்து, தண்ணீர், ஆயில், டயர், ஒழுக்கு ஆகியவற்றைப் பார்த்து, கிரீஸ் கன்னை எடுத்து ஒவ்வொரு நிப்பிளிலும் பழைய அழுக்கு வெளியே பிதுங்கும்வரை அடித்த பிறகே சாவியைத் தொடுகிறார். அந்த நேரத்தையும் வேலை நேரமாகக் கருதிச் சம்பளம் கொடுக்கிற முதலாளியின் வண்டி, அவர் விற்க நினைக்கும் நாளில் அவர் கேட்கிற விலைக்குப் போகிறது.

பழைய வண்டி பார்க்கப் போகும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பகலில் போகாதீர்கள், சொல்லிவிட்டும் போகாதீர்கள். விடியற்காலையில் போய், யாரோடும் பேசும்முன் பானெட்டின்மேல் உள்ளங்கையை வையுங்கள். பனியால் சில்லென்று இருந்தால் சாவியைக் கேட்டு நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். சூடாக இருந்தால், உங்களுக்கு முன்பே யாரோ அதை ஓட்டிப் பதப்படுத்தியிருக்கிறார்கள். அட்வான்ஸ் பணத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரும்பிவிட்டு, மறுநாள் இன்னும் ஒரு மணி நேரம் முன்னதாகப் போங்கள்.